மேசை மேல் ஒரு எம்2: மெய்த்தோற்றத்துக்கு எந்த வழி எடுபடும்?

யாழ்தேவி ரயில் என்றதும் வவுனியா, மாங்குளம், கிளிநொச்சிப் பக்கத்து மூத்தவர்களின் கண்ணில் வருவது எம்2 எஞ்சின்தான். கனடாவில் ஜெனரல் மோட்டர்ஸ் கட்டி, கொழும்புத் திட்டத்தின் கீழ் 1954 முதல் இலங்கைக்கு வந்த ஜி12 வகை. முதலில் வந்தவற்றுக்கு ஒன்ராறியோ, அல்பேர்ட்டா என்று கனடிய மாகாணங்களின் பெயர் வைத்தார்கள். 1990 இல் நின்ற வடபாதை 2013 இல் கிளிநொச்சி வரையும் 2014 இல் யாழ்ப்பாணம் வரையும் திரும்பத் திறந்தபின், மாதிரி ரயில் ஆர்வமும் இந்தப் பக்கம் மெல்லத் துளிர்க்கிறது.

ரொறன்ரோவிலோ லண்டனிலோ இருந்து சொந்தக்காரர் கொண்டுவரும் பெட்டிக்குள் எம்2 இருக்காது. பெரும்பாலும் 1:87 அளவில் ஒரு அமெரிக்க ஜிபி7 அல்லது ஜிபி9 இருக்கும். அதுவும் அதே ஜெனரல் மோட்டர்ஸ் குடும்பம், அதே 567 வரிசை எஞ்சின். ஜிபி9 இல் 16 சிலிண்டர், ஜி12 இல் 12. அதை எம்2 ஆக மாற்றும்போது ஒவ்வொரு படியிலும் இரண்டு மூன்று வழிகள் போட்டிக்கு நிற்கும். எங்கள் அளவுகோல் ஒன்றுதான்: மூன்றடி தள்ளி நின்று பார்க்கிறவருக்கு எது உண்மையாகத் தெரியும்? விடை அநேகமாக எஞ்சினின் ஓரமாக ஓடும் நடைபலகைக்குக் கீழேதான் இருக்கிறது. காசும் நேரமும் அங்கேதான் முதலில் போகவேண்டும்.

1:87 ஆ, 1:100 ஆ

இந்தக் கேள்வியைத் தாண்டாமல் ஒரு ஆணியும் அடிக்கக்கூடாது. இலங்கையின் அகலப்பாதை 1676 மி.மீ. அதை 1:87 இல் சுருக்கினால் 19.24 மி.மீ. வரவேண்டும். கடையில் கிடைக்கும் தண்டவாளமும் சில்லும் 16.5 மி.மீ. அதாவது 2.7 மி.மீ. ஒடுக்கம். பக்கவாட்டில் பார்த்தால் தெரியாது. முகப்பில் குனிந்து பார்த்தால் எஞ்சின் காலை ஒடுக்கி நிற்பது கண்ணில் குத்தும். பிரித்தானிய 1:76 இல் இன்னும் மோசம்: 22 மி.மீ. வேண்டிய இடத்தில் 16.5.

மறுபக்கம் 1676 ஐ 100 ஆல் வகுத்துப் பாருங்கள்: 16.76. அதே 16.5 மி.மீ. தண்டவாளத்தில் வெறும் 0.26 மி.மீ. வித்தியாசம். உடலை 1:100 இல் கட்டினால் சில்லையும் பாதையையும் தொடாமலே அகலப்பாதையின் நிற்கும் தோரணை வந்துவிடும். கட்டிடக் கலைஞர்கள் மாதிரி செய்வதும் 1:100 இல்தான் என்பதால் அந்த அளவில் ஆளும் மரமும் தேட அலையத் தேவையில்லை.

விலை என்ன? எம்2 இன் 40 அங்குலச் சில்லு 1:100 இல் 10.2 மி.மீ.; 1:87 எஞ்சினில் வருவது 11.7. அப்படியே விட்டால் எஞ்சின் குதிக்கால் செருப்புப் போட்டதுபோல் உயர்ந்து நிற்கும். 10.5 மி.மீ. சில்லு மாற்றினால் போதுமான கிட்டத்துக்கு வரும். ஆனால் பஃபர், படிக்கட்டு, விளக்கு என்று 1:87 இல் பொதியாகக் கிடைக்கும் சில்லறைச் சாமான் எதுவும் பொருந்தாது. எல்லாம் கையால் செய்யவேண்டும், அல்லது முப்பரிமாண பிரிண்டரில் அச்சிடவேண்டும்.

எங்கள் தீர்ப்பு: ஏற்கெனவே 1:87 பெட்டிகள் நாலைந்து வைத்திருப்பவர் அங்கேயே நிற்கட்டும், ஒடுக்கத்தைப் போகியின் (சில்லுகள் பூட்டிய, திரும்பும் அடிவண்டி) பக்கச் சட்டங்களால் மறைக்கலாம். வன்னிப் பாதையை மட்டும் செய்யப்போகிறவர், புதிதாகத் தொடங்குகிறவர், 1:100 க்குப் போவதே புத்தி. 19.24 மி.மீ. க்குச் சில்லை அகட்டி, தண்டவாளத்தையும் கையாலே போடும் மூன்றாவது வழி கண்ணாடி அலுமாரிக்குள் நிற்கும் ஒரே ஒரு எஞ்சினுக்குச் சரி. ஓட்டுவதற்கென்றால் ஒவ்வொரு கிளைப்பாதையும் உங்கள் கையைப் பார்த்துக்கொண்டிருக்கும்.

உடல்: வெட்டி ஒட்டுவதா, அச்சிடுவதா

ஜிபி9 இன் நீளம் 17.12 மீற்றர், 1:87 இல் 197 மி.மீ. எம்2 அதைவிடக் கட்டை. ஆகவே பொனற்றில் ஒரு துண்டு போகவேண்டும். மெல்லிய வாளால் கதவுகளின் இணைப்புக் கோட்டில் வெட்டுங்கள், கதவின் நடுவில் அல்ல. வாள் தின்னும் 0.3 மி.மீ. ஐக் கணக்கில் சேர்த்து, கோட்டுக்கு வெளியே வெட்டி, கண்ணாடித் துண்டின் மேல் 400 அரத்தாள் விரித்து மட்டமாகத் தேய்த்துக் கொண்டுவரவேண்டும். இடைவெளி நிரப்பத் தகடு வேண்டுமானால் யோகட் கப்பே போதும். அடியில் முக்கோணத்துக்குள் 6 என்று இருந்தால் அது பொலிஸ்ரைரீன், கரைப்பான் பசையில் உருகி ஒட்டும். 5 என்று இருந்தால் பொலிபுறப்பிலீன், எந்தப் பசையும் நிற்காது.

ரெசின் பிரிண்டரில் அச்சிட்டால் கதவும் பிணைச்சலும் கூர்மையாக வரும், 1:100 க்குச் சுருக்குவதும் ஒரு எண்ணை மாற்றும் வேலை. ஆனால் சுவர் 1.2 மி.மீ. க்குக் குறைந்தால் எங்கள் வெயிலுக்கு வளையும். கொழும்பில் அச்சிடுவித்து பஸ்ஸில் வரும் பொதி பகல் முழுக்கச் சூட்டில் கிடந்தால் நீளமான பக்கம் வாழைப்பழ வளைவில் வந்து சேரும். வளைந்ததைச் சுடுநீரில் தோய்த்து, மட்டப் பலகையில் பாரம் வைத்து ஆறவிட்டால் பெரும்பாலும் நேராகும். உள்ளே குறுக்குச் சட்டம் மூன்று சேர்த்து அச்சிடுவிப்பது அதைவிட நல்லது. நூல் உருக்கி அச்சிடும் மலிவு பிரிண்டரை உடலுக்குப் பாவிக்க வேண்டாம்; அடுக்குக் கோடு பெயின்ற் அடித்த பிறகுதான் முழுசாகத் தெரியும்.

1:87 க்கு வெட்டி ஒட்டுதல், 1:100 க்கு அச்சு. இதில் எங்களுக்கு இரண்டாம் யோசனை இல்லை.

கீழ்ப்பாதி: இங்கேதான் வெற்றி தோல்வி

எம்2 இல் பெரும்பாலானவை ஒரு போகிக்கு மூன்று அக்சில் (சில்லு அச்சு) உள்ளவை, நடு அக்சிலுக்கு மோட்டர் கிடையாது. இரண்டு அக்சில் போகி உள்ள உட்பிரிவுகளும் உண்டு. ஜிபி9 சட்டத்தை மாற்ற விருப்பமில்லாதவர் அப்படியொன்றின் படத்தைப் பார்த்துச் செய்யலாம். மூன்று அக்சில் வேண்டுமானால் ஆறு அக்சில் எஞ்சின் ஒன்றின் அடிச்சட்டம் எடுத்து, நடு அக்சிலின் பற்சில்லைக் கழற்ற வேண்டும். கழற்றமுன் பாருங்கள்: சில தயாரிப்புகளில் இழுவை மேலே உள்ள இடைப் பற்சில்லுகள் வழியாகப் போகும், அதில் கழற்றலாம். நடு அக்சிலின் பற்சில்லே இழுவையைக் கடத்துமானால் கழற்றியதும் கடைசி அக்சில் செத்துவிடும்.

கழற்றிய நடு அக்சிலுக்கு மேலும் கீழுமாக 0.4 மி.மீ. அளவு ஆட்டம் வேண்டும். ஆட்டம் இல்லாவிட்டால் பாதை சற்று மேடாகும் இடத்தில் அது இழுவைச் சில்லுகளைத் தூக்கிவிடும், எஞ்சின் நின்ற இடத்தில் சுற்றும்.

இதே அக்சில் மின் தொடுப்புக்கும் வசதி. ஓடும்போது வெட்டி வெட்டி நிற்கும் எஞ்சினுக்கு இரண்டு மருந்து சொல்வார்கள்: கூடுதல் சில்லுகளில் தொடுப்புக் கம்பி வைப்பது, அல்லது கப்பாசிற்றர் சேர்ப்பது. கப்பாசிற்றர் டிகோடரோடு (எஞ்சினுக்குள் வைக்கும் கட்டுப்பாட்டுச் சுற்று) மட்டும் வேலை செய்யும், அழுக்குச் சில்லை மறைக்கும், திருத்தாது. 0.3 மி.மீ. பொஸ்பர் வெண்கலக் கம்பியைச் சில்லின் பின்முகத்தில் மெல்லத் தடவுகிற மாதிரி வைத்தால் புழுதிக் காலத்திலும் ஓடும். அழுத்தம் கூடினால் நடு அக்சில் உருளாமல் சறுக்கும். விரலால் தட்டினால் இரண்டு சுற்றாவது தானாகச் சுற்றவேண்டும். முதலில் கம்பி, பிறகு விருப்பமானால் கப்பாசிற்றர்.

சில்லின் அகலத்திலும் தெரிவு உண்டு. வழமையான 110 சில்லு 2.8 மி.மீ., ஒல்லியான 88 சில்லு 2.2 மி.மீ. ஒல்லிச் சில்லு முகப்பிலிருந்து பார்க்க அழகு. ஆனால் பழைய கிளைப்பாதைகளின் அகன்ற இடைவெளியில் சில்லு விழுந்து எழும்பும். கிளைப்பாதை இல்லாத நேர்ப்பாதைக் காட்சிக்கு 88, மற்றதெல்லாம் 110.

கப்லிங் (பெட்டியை மாட்டும் கொளுவி): அமெரிக்கக் கைவிரல் கப்லிங் அப்படியே நின்றால் இரண்டு பஃபரும் வைத்தும் பயனில்லை. முன்பக்கம் பெட்டி மாட்டாத பக்கமானால் அங்கே திருகுக் கப்லிங்கைத் தொங்கவிட்டு, பெட்டி மாட்டும் பின்பக்கத்தில் மட்டும் கைவிரலை வைத்துக்கொள்ளலாம்.

கைபிடிக் கம்பி: வார்ப்பா, கம்பியா

உடலோடு சேர்த்து வார்த்த கைபிடியைச் சீவி எடுத்துக் கம்பி போடுவது ஒரு மாலை வேலை, பலன் பெரிது. உண்மையான கைபிடி ஏறக்குறைய 25 மி.மீ. தடிப்பு என்று எடுத்தால் 1:87 இல் 0.29. ஆகவே 0.3 மி.மீ. கம்பி, 0.35 மி.மீ. துளை. கம்பிக்கு மூன்று வழி. கிற்றாரின் முதல் தந்தி (0.25 மி.மீ.) வளையாமல் நிற்கும், பற்றாசு மட்டும் இலகுவில் பிடிக்காது. பொஸ்பர் வெண்கலம் இரண்டும் செய்யும், வெளிநாட்டிலிருந்து வரவேண்டும். மூன்றாவது, தண்ணிப் பம்பி மோட்டர் சுத்துகிற கடையில் கிடக்கும் 30 ஆம் இலக்கச் செப்புக் கம்பி, 0.315 மி.மீ. மேல் வார்னிஷைச் சுரண்டி, ஒரு முனையை வைஸில் பிடித்து, மறுமுனையைக் குறட்டால் சட்டென்று இழுத்தால் நேராகி இறுகும். சிறிய கைபிடிகளுக்கு இது தாராளம். நடைபலகையோரம் ஓடும் நீளக் கம்பிக்கு மட்டும் கிற்றார் தந்தி. செம்பு ஒரு தொடுகையில் வளைந்துவிடும்.

எல்லாக் கைபிடியும் ஒரே அளவில் வர, 1 மி.மீ. தகட்டில் ஒரு வளைப்பு அச்சுச் செய்துகொள்ளுங்கள். உடலுக்கும் கம்பிக்கும் நடுவில் 0.8 மி.மீ. அட்டைத் துண்டை வைத்து, உள்ளேயிருந்து சுப்பர் குளூ தொட்டால் இடைவெளி எல்லா இடத்திலும் ஒன்றாக இருக்கும். வெளியிலிருந்து தொட்டால் வெள்ளைப் பூப் பூக்கும்.

புழுதி: ஸ்பிரேயா, தூளா

பாதையின் நிறம் இடத்துக்கிடம் மாறும். ஓமந்தை, மாங்குளம், முறிகண்டிப் பக்கம் செம்மண் புழுதி. ஆனையிறவுக்குப் போனால் உப்பு வெளியின் சாம்பல் கலந்த வெள்ளை. இரண்டையும் ஒரே எஞ்சினில் குழைத்துப் பூசினால் எந்த ஊர் என்று தெரியாத அழுக்குத்தான் மிஞ்சும். ஒரு இடத்தைத் தெரிந்தெடுங்கள்.

எயார்பிரஷ் (காற்றழுத்தத்தில் பெயின்ற் விசிறும் கருவி) மெல்லிய, கரை தெரியாத படலம் தரும். போகியிலும் எரிபொருள் தாங்கியிலும் கீழிருந்து மேலாக மங்கிப்போகும் புழுதிக்கு அதை வெல்ல ஒன்றுமில்லை. 15 முதல் 20 பிஎஸ்ஐ காற்றழுத்தம், பெயின்ற் பால் பதம், 10 முதல் 15 செ.மீ. தூரம். காலநிலைதான் எதிரி. சோளகம் அடிக்கும் மாதங்களில் பெயின்ற் ஊசி முனையிலேயே காய்ந்து, உடலில் மணல் மணலாக விழும். பத்துத் துளிக்கு ஒரு துளி ரிட்டார்டர் (காய்வதைத் தாமதிக்கும் திரவம்) சேருங்கள். கார்த்திகை, மார்கழி மழையில் லக்கர் வகை அடித்தால் ஈரப்பதம் பிடித்துப் பால்போல் வெளுக்கும். அந்த நாட்களில் லக்கரைத் தொடவே வேண்டாம்.

தூளுக்குக் கொம்பிரஷரும் வேண்டாம், கரண்டும் வேண்டாம். பஸ்ரல் சோக்கை அரத்தாளில் உரைத்தால் தூள். செம்மண்ணுக்கு: செங்கபிலம் மூன்று பங்கு, மண்கபிலம் ஒரு பங்கு, சாம்பல் அரைப் பங்கு. முதலில் மங்கல் வார்னிஷ் அடிக்காவிட்டால் தூள் பிடிக்காமல் வழுக்கும். மேலே திரும்ப வார்னிஷ் அடித்தால் பூசியதில் ஏறக்குறைய பாதி கண்ணுக்கு மறைந்துவிடும். அதனால் வேண்டியதைவிட இரட்டிப்பாகப் பூசி அடிக்கவேண்டும், அல்லது அடிக்காமல் விட்டு எஞ்சினை அடிச்சட்டத்தில் பிடித்துத் தூக்கப் பழகவேண்டும். பார்மசி ஸ்பிரிட்டில் கரைத்த மையை மங்கல் வார்னிஷின் மேல் ஓடவிட்டால் வெண்பனி படர்ந்ததுபோல் ஆகும். வார்னிஷுக்கு முன்னே செய்துவிடுங்கள்.

முற்றத்து மண்ணையே அரித்துப் பூசலாமே என்ற எண்ணம் வரும். நைலோன் காலுறையில் இரண்டு தரம் அரித்தால் போதிய மென்மை வரும், நிறமும் நூற்றுக்கு நூறு உண்மை. ஆனால் மண்ணில் காந்தத்துக்கு இழுபடும் துணுக்குகள் உண்டு. அவை மோட்டரின் காந்தத்தில் போய் ஒட்டி, சுருளைச் சுரண்டும். கடதாசிக்குக் கீழே பலமான காந்தத்தை ஓட்டி அவற்றைப் பிரித்தெடுத்த பிறகே பாவிக்கலாம். கொக்கிளாய், புல்மோட்டைக் கரை மணலில் இல்மனைற் (காந்தத்துக்கு இழுபடும் கறுப்புக் கனிமம்) மிகுதி. அதை ரயில் மேசைக்குக் கிட்டவே கொண்டுவர வேண்டாம்.

கீழ்ப்பாதிக்கு எயார்பிரஷ் கடன் வாங்கியாவது அடியுங்கள். கூரைக் கரியும், மழை வடிந்த நிலைக்கோடுகளும் தூளுக்கே உரியவை.

மின்சாரமும் ஒலியும்

கனடாவிலிருந்து வரும் மின்மாற்றி 120 வோல்ற்றுக்கானது. எங்கள் 230 இல் சொருகினால் அந்த நிமிடமே புகை. இங்கே வாங்கும் 12 வோல்ற் அடாப்ரர் போதும். சோலர் பற்றரியில் ஓட்டுகிறவர் 2 அம்பியர் பியூஸ் இல்லாமல் ஓட்டவே கூடாது. தடம் புரண்டு ஷோர்ட் ஆனால் பற்றரி தரும் மின்னோட்டத்துக்குச் சில்லும் வயரும் உருகும்.

ஒரே ஒரு எஞ்சின் வைத்திருப்பவருக்குச் சாதாரண டிசியும், 1 கிலோ ஓம் ரெசிஸ்ரரோடு இளமஞ்சள் எல்இடியும் நிறைவே. இரண்டு எஞ்சினை ஒரே பாதையில் தனித்தனியே ஓட்ட விரும்பும்போதுதான் டிசிசி (டிகோடருக்குக் கட்டளை அனுப்பி ஓட்டும் முறை) தன் விலையைத் திருப்பித் தரும். பழைய எஞ்சினில் டிகோடர் போடமுன் 12 வோல்ற் கொடுத்து, மோட்டரை ஒரு விநாடி பிடித்து நிறுத்தி, மல்ரிமீற்றரின் 10 அம்பியர் பக்கத்தில் அளந்து பாருங்கள். டிகோடரின் உச்ச அளவைத் தாண்டினால் மோட்டர் மாற்றவேண்டும். மோட்டரின் இரண்டு முனைகளும் சில்லோடும் சட்டத்தோடும் தொடுப்பில்லாமல் இருக்கவேண்டும். அத்தேர்ன் நிறுவனத்தின் பழைய எஞ்சின்களில் மோட்டரின் கீழ்த் தகடு நேரே சட்டத்தில் உட்காரும். அங்கே கப்டன் ரேப் (மின் கடத்தாத, சூடு தாங்கும் ரேப்) ஒட்டாமல் இணைத்தால் டிகோடர் முதல் விநாடியிலேயே போய்விடும். சிவப்பும் கறுப்பும் தண்டவாளத்துக்கு, செம்மஞ்சளும் சாம்பலும் மோட்டருக்கு.

ஒலி டிகோடரின் காசுக்கு மேலே சொன்ன சில்லு, கம்பி, தூள் எல்லாம் முடிந்து மிச்சமும் வரும். அதனால் அதைக் கடைசியில் வைக்கிறோம். போடுவதானால் 567 எஞ்சின் ஒலியே வேண்டும், பக்கத்தில் நிற்கும் பெட்டிக்கு அப்பால் கேட்காத அளவுக்குச் சத்தத்தைக் குறைக்கவும் வேண்டும். ஒலிபெருக்கியின் பின்கூட்டை ஒட்டும்போது சுற்றிவரப் பசை போகட்டும். ஒரு மயிரிழை காற்றுக் கசிந்தாலும் எஞ்சினின் அடிக்குரல் போய், தகர டப்பாச் சத்தம்தான் வரும்.