சிம் செக்குக்கு முன்னால் காரைக்குடியில் அடித்த காக்பிட் போர்டு

விமானியான எனக்கு ஆறு மாதத்துக்கு ஒரு முறை வரும் சிமுலேட்டர் செக்குக்கு (நிஜ காக்பிட் போன்ற கருவியில் நடக்கும் தேர்வு) இந்தத் தடவை காரைக்குடி வீட்டில் இருந்தே தயாரானேன். ஏ320 விமானத்தின் காக்பிட்டை நிஜ அளவில் அச்சடிக்க செக்காலை ரோட்டில் ஒரு கடைக்குப் போனேன். கல்யாண பேனர் அடிக்கிற கடைதான், ஆனால் வேலையில் அவ்வளவு அக்கறை.

"தம்பி, லைட்டுக்கு அடியில வைப்பீங்கன்னா மேட் போடுங்க, கிளாஸி கண்ணு கூசும்" என்று கடைக்கார அண்ணன் முதலிலேயே சொல்லிவிட்டார். முன்பு வேறு ஊரில் அடித்தது பளபளவென்று இருந்து தலைக்கு மேல் வரும் ஓவர்ஹெட் பேனலின் பொடி எழுத்தைப் படிக்கவே முடியாது, அளவும் சுருங்கியிருந்தது. சுருங்கினால் காசு வீண்தான், ஏனென்றால் நாம் பழக்குவது கண்ணை மட்டுமல்ல, கையை. இங்கே ஸ்கேல் வைத்து அளந்து காட்டிவிட்டுத்தான் சன் போர்டில் ஒட்டினார். மூன்று போர்டு, 1,400 ரூபாய்.

வளவில் ஊஞ்சல் பலகையைக் கழற்றிவிட்டு, அந்தச் சங்கிலியில் ஓவர்ஹெட் போர்டைத் தலைக்கு மேல் கட்டினேன். அது அங்கேதான் இருக்க வேண்டும். இன்ஜினில் தீ என்றால் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் த்ரஸ்ட் லீவரை ஐடிலுக்கு இழுத்து, அதற்குப் பின்னால் உள்ள, அந்த இன்ஜினை நிறுத்தும் மாஸ்டர் ஸ்விட்சை அணைத்து, அப்புறம் கை மேலே போய் ஃபயர் பட்டனை அழுத்தி, 10 வினாடி பொறுத்து முதல் ஏஜென்ட் (தீயணைப்பு மருந்து), 30 வினாடிக்குப் பிறகும் தீ இருந்தால் இரண்டாவது. பக்கத்து நாற்காலியில், இன்னொரு விமானிக்குப் பதிலாக, அப்பச்சி. நான் மாஸ்டரில் கை வைத்து நிற்க, அவர் பார்த்து "கன்ஃபர்ம்" சொன்ன பிறகுதான் அணைக்க வேண்டும். மூன்றாம் நாள் வாய் இன்ஜின் இரண்டு என்கிறது, கை ஒன்றில் இருக்கிறது. "கை எதுல இருக்குன்னு பாருப்பா" என்றார். அன்றிலிருந்து எண்ணைச் சொல்லி, கண்ணால் பார்த்த பிறகே கையை நீட்டுகிறேன்.

போர்டில் வராதது ஒன்று உண்டு. வி1-இல், அதாவது இனி நிறுத்தாமல் மேலே ஏறியே ஆக வேண்டும் என்கிற வேகத்தில், இன்ஜின் போனால் மூக்கு செத்த இன்ஜின் பக்கம் இழுக்கும், வாலில் உள்ள ரட்டரைத் திருப்பும் பெடலை எவ்வளவு மிதித்துப் பிடிப்பது என்பது சிம்மில்தான் காலுக்குத் தெரியும். ஆனால் 400 அடி உயரம் தாண்டும் வரை ஈகேம் (கோளாறையும் செய்ய வேண்டியதையும் காட்டும் திரை) சொல்லும் வேலை எதையும் தொடாமல் இருக்கிற பொறுமையை வீட்டிலேயே பழகிவிடலாம்.

போன வாரம் பெங்களூரில் செக் நல்லபடியாக முடிந்தது, தீ வந்தபோது கை தேடாமல் மேலே போனது. அடிக்கப் போகிறவர்கள் ஃபைலைப் பென் டிரைவில் கொண்டுபோங்கள், வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் எழுத்து கலங்கிவிடும்.