ஃபார்மட் அடிக்கும் முன்: விண்டோஸ் 11 கவிழ்ந்தால் எந்த வழி?

பெங்களூரு எஸ்.பி. ரோட்டில் எந்தக் கம்ப்யூட்டர் கடைப் படி ஏறினாலும், விண்டோஸ் 11-க்கு மாறும்போது நின்றுபோன லேப்டாப்புக்குப் பெரும்பாலும் ஒரே பதில்தான்: “ஃபார்மட் அடிச்சிடலாம் சார்.” கடைக்காரருக்கு அது சுலபமான வேலை. நமக்கு அது கடைசி வழி. அதற்கு முன்னால் இன்னும் மூன்று இருக்கின்றன. இவற்றில் வரிசை முக்கியம். பின்னால் வரவேண்டியதை முன்னால் செய்துவிட்டால் மற்றது அடைபட்டுப் போகும்.

எதையும் தொடும் முன் போனில் மைக்ரோசாஃப்ட் கணக்கைத் திறந்து பிட்லாக்கர் (டிஸ்க்கைப் பூட்டும் விண்டோஸ் வசதி) மீட்புச் சாவியை எடுத்து வையுங்கள். ஆறாறு இலக்கமாக எட்டுத் தொகுதி, மொத்தம் 48 இலக்கம். மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்து பயன்படுத்தும் புது லேப்டாப்புகள் பலவற்றில் நாம் கேட்காமலே டிஸ்க் பூட்டப்பட்டிருக்கும். சாவி இல்லையென்றால் கீழே சொல்லும் வழிகளில் ஃபார்மட்டைத் தவிர எதுவும் கைகொடுக்காது. ஒயிட்ஃபீல்டிலோ எலெக்ட்ரானிக் சிட்டியிலோ உள்ள ஆபீஸ் கொடுத்த லேப்டாப் என்றால் சாவி ஐடி டீமிடம் இருக்கும். டிக்கெட் போட்டுவிட்டு கையைக் கட்டிக்கொள்ளுங்கள்.

இன்னொன்று: செய்த மாற்றங்களை விலக்குவதாகத் திரையில் ஓடிக்கொண்டிருந்தால் அது தானாகவே பழைய நிலைக்குத் திரும்புகிறது என்று பொருள். ஒரு மணி நேரம் ஆனாலும் சார்ஜரைப் பிடுங்காதீர்கள். பாதிப் பேர் இங்கேதான் பொறுமை இழந்து, பிழைக்க வேண்டியதைக் கொல்கிறார்கள்.

பின்வாங்குதல்

மேம்படுத்தல் முடிந்து, அதன்பின் பூட் ஆகவில்லை என்றால் முதலில் இதுதான். லோகோ தெரியும்போது பவர் பட்டனைப் பத்து நொடி அழுத்தி அணையுங்கள். இப்படி இரண்டு மூன்று முறை செய்தால் மீட்புத் திரை வரும். அதில் ட்ரபிள்ஷூட், அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ், அன்இன்ஸ்டால் அப்டேட்ஸ் என்று போய், ‘ஃபீச்சர் அப்டேட்’ என்பதைத் தேர்ந்தெடுக்க வேண்டும். பக்கத்திலேயே இருக்கும் ‘குவாலிட்டி அப்டேட்’ மாதாந்தரத் திருத்தத்தை மட்டும்தான் எடுக்கும்.

ஃபைல், புரோகிராம், பிரிண்டர் எல்லாம் இருந்தபடியே திரும்பும். வேறு எந்த வழியிலும் புரோகிராம்கள் திரும்பாது என்பதால் எங்கள் ஓட்டு இதற்குத்தான். நிபந்தனை: பத்து நாள் கெடு, பழைய விண்டோஸை வைத்திருக்கும் விண்டோஸ்.ஓல்டு ஃபோல்டர் சி டிரைவில் அப்படியே இருக்க வேண்டும். இடம் போதவில்லை என்று டிஸ்க் கிளீனப்பில் அதை அழித்தவர்களுக்கு இந்தக் கதவு இல்லை. குறை ஒன்று உண்டு: விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 14 அக்டோபர் 2025-டன் முடிந்துவிட்டது. ஆகவே இது மூச்சு வாங்கும் இடம். டேட்டாவை பேக்கப் எடுத்து, டிரைவர்களைப் புதுப்பித்து, மறுபடி மேலே ஏற வேண்டும்.

அதே மீட்புத் திரையில் உள்ள ஸ்டார்ட்அப் ரிப்பேரை ஒருமுறை ஓடவிடலாம், நஷ்டமில்லை. சிஸ்டம் ரீஸ்டோரை நம்ப வேண்டாம். மேம்படுத்தலுக்கு முந்தைய மீட்புப் புள்ளிகள் அதில் இருக்காது.

ரீசெட்

இதைத் தொடும் முன் கீழே சொல்லும் லைவ் பென்டிரைவால் டேட்டாவை எடுத்துவிடுங்கள். ‘கீப் மை ஃபைல்ஸ்’ என்ற பெயரைப் பார்த்து எல்லாம் பத்திரம் என்று நினைத்துவிடுகிறார்கள். போட்டோவும் டாக்குமென்ட்டும் தங்கும். நிறுவிய புரோகிராம்கள் போய்விடும். கல்யாணப் பத்திரிகை அடிக்கும் டிடிபி கம்ப்யூட்டர் என்றால் இது பெரிய அடி: விண்டோஸின் ஃபான்ட்ஸ் ஃபோல்டரில் சேர்த்து வைத்த பழைய தமிழ் எழுத்துருக்களும், என்எச்எம் ரைட்டர், இ-கலப்பை போன்ற தமிழ்த் தட்டச்சுப் புரோகிராம்களும் மறுபடி போட வேண்டியிருக்கும். அதைவிட முக்கியம், ரீசெட் உங்களை விண்டோஸ் 10-க்குக் கொண்டுபோகாது; அதே 11-ஐத்தான் புதிதாக விரிக்கும். பின்வாங்கும் வழியும் அத்தோடு மூடிவிடும்.

ரீசெட்டில் இரண்டு முறை உண்டு. ‘லோக்கல்’ முறை டிஸ்க்கில் இருப்பதை வைத்தே கட்டுகிறது. அந்த ஃபைல்களே கெட்டிருந்தால் ரீசெட் செய்ய முடியவில்லை என்று நின்றுவிடும். ‘கிளவுட்’ முறை சுமார் 4 ஜிபி இறக்கும், ஆனால் சுத்தமான பிரதி. வீட்டு வைஃபை இருந்தால் இதுவே மேல்; ஹாட்ஸ்பாட்டில் செய்வதற்கில்லை.

லைவ் பென்டிரைவ்

இது கம்ப்யூட்டரைச் சரிசெய்யாது, டேட்டாவைக் காப்பாற்றும். பின்வாங்கல் தோற்று, ரீசெட்டுக்கோ ஃபார்மட்டுக்கோ போகும் முன் கட்டாயம். வேறு கம்ப்யூட்டரில் 8 ஜிபி பென்டிரைவில் உபுண்டு என்ற லினக்ஸ் ஓஎஸ்ஸை எழுதி, டெல், லெனோவோ என்றால் எஃப்12, எச்பி என்றால் எஃப்9, ஏசஸ் என்றால் எஸ்கேப் அழுத்தி அதிலிருந்து எழுப்புங்கள். ‘இன்ஸ்டால்’ பக்கம் போகாமல் ‘ட்ரை’ போதும். டிஸ்க்கைத் திறக்கும்போது 48 இலக்கம் கேட்கும். விண்டோஸ் முழுதாக அணையாமல் தூங்கியிருந்தால் டிஸ்க் படிக்க மட்டும் திறக்கும். காப்பி எடுக்க அது போதும், வலுக்கட்டாயமாக எழுத முயல வேண்டாம். காப்பியை வாங்கிக்கொள்ளும் ஹார்ட் டிஸ்க் எக்ஸ்ஃபேட் வடிவில் இருக்கட்டும். ஃபேட்32 என்றால் 4 ஜிபிக்கு மேற்பட்ட ஒரே ஃபைலை ஏற்காது, கல்யாண வீடியோ அங்கேதான் நிற்கும். எழுத்துரு ஃபோல்டரையும் மறக்காமல் எடுங்கள்.

ஃபார்மட்டும் அதன் தம்பியும்

தம்பி இதுதான்: விண்டோஸ் நிறுவும் பென்டிரைவில் எழுப்பி, ‘கஸ்டம்’ என்று கேட்டால் அதைத் தேர்ந்து, பழைய பார்ட்டிஷனை அழிக்காமலும் ஃபார்மட் செய்யாமலும் அதன் மேலேயே ‘நெக்ஸ்ட்’ கொடுக்கலாம். பழைய விண்டோஸும் பயனர் ஃபோல்டரும் விண்டோஸ்.ஓல்டுக்குள் ஒதுங்கிக்கொள்ளும். புரோகிராம் வராது, ஃபைல் கிடைக்கும். இடம் மட்டும் வேண்டும். கடையில் கொடுத்தால் இப்படிக் கேட்டே கொடுங்கள். கேட்காவிட்டால் டி டிரைவையும் சேர்த்து வழித்துவிடும் கைகள் உண்டு.

இன்டெல் 11-ஆம் தலைமுறை முதலான பல லேப்டாப்புகளில் இந்த இடத்தில் டிஸ்க்கே பட்டியலில் வராது. எஸ்எஸ்டி போய்விட்டது, புதிது போடணும் என்று யாராவது சொன்னால் அவசரப்படாதீர்கள். டிஸ்க்கைக் கையாளும் விஎம்டி என்ற இன்டெல் அமைப்புக்கான டிரைவர் இல்லாததுதான் பல சமயம் காரணம். லேப்டாப் நிறுவனத்தின் தளத்திலிருந்து இன்டெல் ஆர்எஸ்டி டிரைவரை இறக்கி, பிரித்து, பென்டிரைவில் வைத்து ‘லோட் டிரைவர்’ கொடுத்தால் டிஸ்க் தெரியும். பயாஸில் விஎம்டியை அணைத்தும் தெரியவைக்கலாம், ஆனால் அதன்பின் பழைய விண்டோஸ் நீலத்திரையில் விழும்.

விண்டோஸோடு வந்த லேப்டாப்புக்குப் புது லைசன்ஸ் சாவிக்கென்று தனியே காசு கொடுக்க வேண்டியதில்லை. அது மதர்போர்டிலேயே இருக்கிறது. அதே எடிஷனைப் போட்டு நெட்டில் இணைத்ததும் தானாக ஆக்டிவேட் ஆகும்.