சிஜி பார்க்கும் பிளைவுட் ஸ்டாண்டு: வாங்கலாமா?

மாடல் விமானத்தின் சிஜியை, அதாவது முன்பின் எடை சமனாகும் புள்ளியை, விரல் நுனியில் இறக்கையைத் தாங்கிப் பார்ப்பதற்கு இந்த ஸ்டாண்டு எவ்வளவோ மேல். இறக்கை அகலம் (முன்விளிம்பிலிருந்து பின்விளிம்பு வரை) 200 மி.மீ. என்றால் சிஜி முன்விளிம்பிலிருந்து 50–60 மி.மீ.க்குள் இருக்கும், புது மாடலுக்கு 50-லேயே தொடங்குங்கள். பேட்டரி, புரொப்பெல்லர் எல்லாம் மாட்டிய பிறகே ஏற்றவும். மேல்இறக்கை டிரெய்னரை (பறக்கப் பழகும் மாடல்) நேராக வைக்கலாம், தாழ்இறக்கை மாடலைத் தலைகீழாக. அறை ஃபேனை நிறுத்திவிடுங்கள்!

மூக்கு லேசாகத் தாழ்ந்தால் சரி. வால் தாழ்ந்தால் பேட்டரியை முன்னே தள்ளுங்கள், இடமில்லாவிட்டால்தான் மூக்கில் எடைக்கு ஈயம். வால் கனத்தால் கிளம்பியதும் மூக்கைத் தூக்கி ஸ்டால் ஆகும், அதாவது இறக்கையின் தூக்குவிசை போய்விடும். எலிவேட்டர் (மூக்கை ஏற்றி இறக்கும் வால் மடல்) கைக்கு அடங்காது.

குறை என்றால் இறக்கையைத் தாங்கும் ரப்பர் முனைதான். ஃபோம் இறக்கையில் ஒட்டிக்கொண்டு சில மி.மீ. பிழையை மறைத்துவிடுகிறது. முனைமேல் செல்லோடேப் ஒட்டினால் தீரும். ராயபுரம், திருவொற்றியூர் கடல்காற்றுக்கு பிளைவுட் உப்பி ஸ்கேல் நகராது, வாங்கியதும் வார்னிஷ் அடித்துவிடுங்கள். இடது-வலது எடைச் சமன் இதில் பார்க்க முடியாது. அதற்கு ஸ்பின்னரிலும் (புரொப்பெல்லர் நடுவிலுள்ள கூம்பு) வால் முனையிலும் நூல் கட்டித்தான் தூக்க வேண்டும். கொடுக்கிற காசுக்கு நான்கு நட்சத்திரம்.