ஆஸ்திரேலியத் தேர்தல் ஆணையத்தின் தகுதிச் சரிபார்ப்புப் படிவம்: எதுவரை நம்பலாம்?

ஆஸ்திரேலிய நாடாளுமன்றத்துக்குப் போட்டியிடுபவர்கள் வேட்புமனுவோடு தகுதிச் சரிபார்ப்புப் படிவத்தையும் நிரப்பித் தர வேண்டும். 2019 முதல் இது கட்டாயம். ஆணையத்தின் இணையதளத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. திவால், அரசுச் சம்பளப் பதவி என அரசியலமைப்பின் 44ஆவது பிரிவு சொல்லும் தடைகள் அத்தனையையும் கேட்டாலும், படிவத்தின் உயிர் குடியுரிமைப் பக்கங்களில்தான். பிறநாட்டுக் குடியுரிமை உள்ளவர் நாடாளுமன்ற உறுப்பினராக முடியாது என்கிறது அந்தப் பிரிவின் 44(i) உட்பிரிவு.

அந்தப் பக்கங்கள் நன்றாகவே அமைந்திருக்கின்றன. பெற்றோரோடு நிற்காமல் தாத்தா பாட்டி பிறந்த இடம் வரை கேட்கிறது. வீண் குடைச்சல் என்று நினைக்க வேண்டாம். 2017 அக்டோபர் 27 அன்று ஆஸ்திரேலிய உயர் நீதிமன்றம் பிறநாட்டுக் குடியுரிமை இருந்ததால் ஐந்து அரசியல்வாதிகளைத் தகுதியற்றவர்கள் என்றது. அவர்களில் அப்போதைய துணைப் பிரதமர் பார்னபி ஜாய்ஸ் ஆஸ்திரேலியாவின் டாம்வொர்த்தில் பிறந்தவர். தந்தை நியூசிலாந்துக்காரர், சிக்கல் அவர் வழியாக வந்தது. செனட்டர் லாரிசா வாட்டர்ஸ் கனடாவில் பிறந்து கைக்குழந்தையாக வந்தவர். ‘எனக்குத் தெரியாது’ என்ற பதில் அங்கே எடுபடவில்லை. மனு கொடுக்கும் முன்பே தெரிந்துகொள்ள இந்தப் படிவம் வழி செய்கிறது. அதற்காகவே இதைப் பாராட்டலாம்.

குறை எங்கே என்றால், ஆணையம் பதில்களைச் சரிபார்ப்பதில்லை. சட்டம் அதற்கு அந்த அதிகாரத்தைத் தரவில்லை. கட்டாயக் கேள்வியை வெற்றாக விட்டால் மனு தள்ளுபடியாகும். தவறான பதிலை எழுதினால் மனு ஏற்கப்பட்டுவிடும்! மனு ஏற்கப்பட்டதைத் தகுதிச் சான்றாக எடுத்துக்கொள்வதுதான் பெரிய ஆபத்து.

அடுத்தது தேதி. மனு கொடுக்கும் நாளுக்குள் பிறநாட்டுக் குடியுரிமை முடிந்திருக்க வேண்டும். செனட்டர் கேட்டி கேலகர் வழக்கை வரி வரியாகப் படிக்க வேண்டும். பிரிட்டிஷ் குடியுரிமையைத் துறக்கும் படிவத்தை 2016 ஏப்ரல் 20 அன்று அனுப்பினார். மே 6 அன்று கட்டணமும் எடுக்கப்பட்டது. மே 31 அன்று வேட்புமனு கொடுத்தார். ஜூலை 1 அன்று, வாக்குப்பதிவுக்கு முந்தைய நாள், பிரிட்டிஷ் உள்துறை கூடுதல் ஆவணங்கள் கேட்டது. துறப்பு பதிவானது ஆகஸ்ட் 16 அன்று. 2018 மே 9 அன்று அவர் தகுதியற்றவர் என்று தீர்ப்பு வந்தது. பிரிட்டிஷ் சட்டப்படி குடியுரிமை முடிவது பதிவாகும் நாளில்தான். அனுப்பிய நாள் கணக்கில் வராது. வெளிநாட்டுச் சட்டம் துறப்பை அடியோடு முடியாததாக்கினால் மட்டுமே விலக்கு உண்டு. தாமதம் அதில் சேராது.

ஆகவே பிறநாட்டுக் குடியுரிமை எப்போது முடிந்தது என்று எழுதும்போது, பதிவான தேதியையே எழுதுங்கள். முத்திரையிட்டுத் திரும்பி வந்த துறப்புப் பிரதியின் நகலை இணையுங்கள். மின்னஞ்சலில் ‘துறக்கிறேன்’ என்று எழுதியது செல்லாது என்பதை 2017இல் தகுதியிழந்த ஐவரில் ஒருவரான செனட்டர் மால்கம் ராபர்ட்ஸ் வழக்கே காட்டிவிட்டது.

தமிழர்களுக்குத் தனியாகச் சில. இந்தியக் குடிமகன் ஆஸ்திரேலியக் குடியுரிமை பெற்றால், இந்தியாவின் 1955 குடியுரிமைச் சட்டத்தின் 9ஆவது பிரிவின்படி இந்தியக் குடியுரிமை தானாகவே போய்விடும். பாஸ்போர்ட்டை ஒப்படைத்த சான்றிதழைக் கையில் வைத்திருங்கள். வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளியினருக்கு இந்தியா தரும் ஓசிஐ அட்டை குடியுரிமை இல்லை. ஆனாலும் 44(i) பிறநாட்டுக் குடிமக்களுக்குரிய ‘உரிமைகள், சலுகைகள்’ பற்றியும் பேசுவதால், வழக்கறிஞர் கருத்தை எழுத்தில் வாங்கிவிடுவது நல்லது. இலங்கைக் குடியுரிமையை இரட்டைக் குடியுரிமையாகத் தக்கவைத்தவர்களோ மீண்டும் பெற்றவர்களோ முறைப்படி துறந்தாக வேண்டும். யாழ்ப்பாணப் பெற்றோருக்கு 1983க்கு முன் லண்டனில் பிறந்தவர்கள் பிறப்பாலேயே பிரிட்டிஷ் குடிமக்கள்; பலர் மறந்துவிடும் விஷயம் இது. பிறப்புச் சான்றிதழில் தந்தை பெயர் முதலெழுத்தாகவும் பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயராகவும் இருந்தால், இரண்டும் ஒருவரே என்பதற்கான உறுதிமொழிப் பத்திரத்தையும் தயாராக வைத்திருங்கள்.

தேர்தல் ஆணை பிறப்பித்த 10 முதல் 27 நாட்களுக்குள் மனுத்தாக்கல் முடிந்துவிடும், கடைசி நாள் பகல் 12 மணியோடு. அதற்குள் எந்த நாட்டிலிருந்தும் துறப்பு வந்து சேரும் என்று எண்ண வேண்டாம். ஒரு வருடம் முன்பே இந்தப் படிவத்தை இறக்கி, வீட்டுப் பெரியவர்களிடம் உட்கார்ந்து நிரப்பிப் பாருங்கள். வைப்புத்தொகை 2,000 டாலர் தனி.

நிரப்பிய படிவத்தையும் இணைப்புகளையும் ஆணையம் பொதுவில் வெளியிடும். இணைப்பு நகல்களில் வீட்டு முகவரி, பாஸ்போர்ட் எண் போன்றவற்றை மறைத்துக் கொடுக்க அனுமதி உண்டு. துறப்பு பதிவான தேதியும் முத்திரையும் மட்டும் தெளிவாகத் தெரியட்டும்.