‘ஜப்பான் ஒரிஜினல்’ பிளக் வாங்குவோர் கவனத்துக்கு

திருகோணமலையில் பழைய ஜீப்புகளை வீட்டிலேயே ரியூன்அப் செய்துகொள்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். நகரிலுள்ள ஓர் உதிரிப்பாகக் கடையில், போலி ஸ்பார்க் பிளக்குகளை ‘ஜப்பான் ஒரிஜினல்’ என்று சொல்லி, அசலின் விலைக்கே எனக்கு விற்றுவிட்டார்கள். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டதிலிருந்து கையிலிருந்த வண்டியைத்தான் எல்லோரும் இழுத்துப் பிடித்து ஓட்டினோம். 2025 இல் தடை நீங்கிய பிறகும் வரியோடு சேர்த்துப் புதிய வண்டியின் விலை எட்டாத உயரத்தில் இருப்பதால், பழையதற்குப் பாகம் தேடி அலைவோர் குறையவில்லை. போலிச் சரக்கு விற்பவருக்கு இதைவிட நல்ல காலம் வாய்க்காது.

என்னுடையது முதல் தலைமுறை ஹொண்டா சி.ஆர்.வி. இரண்டு லீற்றர் பெற்றோல் எஞ்சின், ஒவ்வொரு பிளக்குக்கும் முறை வைத்து மின்சாரத்தைப் பங்கிடும் டிஸ்ரிபியூட்டரும் பிளக் வயரும் உள்ள பழைய முறை. உப்புவெளிக் கடற்காற்றில் டிஸ்ரிபியூட்டர் மூடியின் உள்முனைகள் பூத்துப்போயிருந்ததால் மூடி, றோட்டர், எயார் பில்டர் ஆகியவற்றுடன் பிளக்குகளையும் மாற்றினேன். வயர்களை 1-3-4-2 என்று சிலிண்டர்கள் எரியும் வரிசை பார்த்தே பூட்டினேன். பிளக்குகளை, இறுக்கும் விசையை அளந்து காட்டும் டோர்க் ரென்ச் கொண்டு 18 நியூட்டன் மீற்றருக்கு இறுக்கினேன்.

எஞ்சின் உடனே இயங்கியது. ஆனால் நிலாவெளி வீதியில் வேகம் எடுத்தபோது வானொலியில் ஒரு கரகரப்பு எழுந்தது. ஆக்சிலரேட்டரை மிதிக்க மிதிக்க அது கூடியது, காலை எடுத்தால் தணிந்தது. அடுத்து உவர்மலை ஏற்றத்தில் வண்டி இழுவை இழந்து உதறத் தொடங்கியது. எரியாத பெற்றோல் புகைக்குழாய் வழியே போய், புகையைச் சுத்திகரிக்கும் கற்றலிற்றிக் கொன்வேட்டரைச் சூடாக்கிக் கெடுத்துவிடும் என்பதால், அதற்கு மேல் ஓட்டாமல் பிளக்குகளைக் கழற்றினேன்.

என்ஜிகே என்ற ஜப்பானிய நிறுவனத்தின் பிளக் இலக்கத்தில் ‘ஆர்’ என்ற எழுத்து இருந்தால் உள்ளே மின்தடை உண்டு என்று பொருள். மேல் முனைக்கும் நடு மின்வாய்க்கும் இடையே மல்ரிமீற்றரை வைத்தால் ஏறத்தாழ 5 கிலோ ஓம் காட்ட வேண்டும். கழற்றி வைத்திருந்த பழைய பிளக்குகள் அப்படியே காட்டின. புதியவற்றில் ஒன்று உள்ளே இணைப்பே அற்றுப்போனதுபோல் எதையும் காட்டவில்லை, மற்றவை பூச்சியத்தை ஒட்டி நின்றன. தடையில்லாமல் பாய்ந்த தீப்பொறியின் இரைச்சல்தான் வானொலியில் கேட்டது. இலக்கத்தின் கடைசியில் வரும் ‘11’ என்பது 1.1 மில்லிமீற்றர் இடைவெளியைக் குறிக்கும். இவற்றிலோ ஒவ்வொன்றும் ஒவ்வோர் அளவு. அசலில் மரையிலிருந்து எளிதில் கழராத வளையம் இவற்றில் விரலால் சுற்றியதுமே கையோடு வந்தது. பெற்றோல் நனைத்த துணி பட்டதும் பீங்கானிலிருந்த எழுத்தும் கலைந்தது.

கடைக்காரரிடம் கொண்டுபோய்க் காட்டினேன். “அண்ணன், நீங்கள் பிழையாக இறுக்கியிருப்பீர்கள், கராஜில் பாஸிடம் கொடுத்திருந்தால் இப்படி வந்திராது,” என்றார். பிழையாக இறுக்கினால் பீங்கான் வெடிக்கலாம். மூன்று பிளக்கில் உள்ளிருந்த மின்தடை ஒரேயடியாக மாயமாகாது. “நாங்கள் எல்லாருக்கும் இதைத்தானே கொடுக்கிறோம்,” என்றும் சொன்னார். அதை நான் முழுமையாக நம்புகிறேன். பணத்தைத் திருப்பித் தரவில்லை. பற்றுச்சீட்டைக் காட்டியபோது, அதில் ‘பிளக் 4’ என்றும் விலையும் மட்டுமே எழுதியிருப்பதைச் சுட்டிக்காட்டிச் சிரித்தார்.

ஆகவே பணம் கொடுக்கும் முன்பே பற்றுச்சீட்டில் நிறுவனப் பெயரையும் முழு இலக்கத்தையும் எழுதி வாங்குங்கள். எழுத மறுக்கும் கடையில் பிளக் வாங்க வேண்டாம். மல்ரிமீற்றரைக் கையோடு கொண்டுபோய் அங்கேயே அளந்து பாருங்கள், ஒரு நிமிடம்கூடப் பிடிக்காது. 2003 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைக்கு எழுத்தில் முறைப்பாடு செய்யலாம், நான் செய்துவிட்டேன். பொருளை வாங்கி மூன்று மாதத்துக்குள் அது போய்ச் சேர வேண்டும். விவரம் கேட்க 1977 என்ற தொலைபேசி இலக்கம் உண்டு. அண்மையில் நகரில் பிளக் மாற்றிய பின் வானொலியில் கரகரப்புக் கேட்பவர்கள் முதலில் ஒன்றைக் கழற்றி அளந்து பாருங்கள். பெட்டியையும் சீட்டையும் எறிந்துவிடாதீர்கள்.