குன்னூர் ஜெர்மன் விசா ஆவண மையம்: சரிபார்ப்புக்குப் போகலாம், பேக்கேஜ் வேண்டாம்

குன்னூர் பெட்ஃபோர்டு பக்கம் இருக்கும் இந்த மையம் வேலை வாங்கித் தருவதில்லை. அதை வாசலிலேயே எழுதி ஒட்டியிருக்கிறார்கள், பாராட்ட வேண்டிய விஷயம். ஜெர்மனியில் வேலை உறுதியான பிறகு விசாவுக்கு வேண்டிய காகிதங்களை ஒழுங்கு செய்து தருவதுதான் இவர்கள் தொழில். கோத்தகிரி, ஊட்டி, கூடலூரிலிருந்து நர்சுகளும் ஹோட்டல் சமையல்காரர்களும் ஐ.டி. படித்தவர்களும் வருகிறார்கள். கோப்பைச் சரிபார்க்க மட்டும் என்றால் 3,500 ரூபாய். ஆரம்பம் முதல் விசா வரை ‘முழு பேக்கேஜ்’ என்றால் 40,000. முதலாவது கொடுத்த காசுக்குத் தகும். இரண்டாவது தகாது.

சரிபார்ப்பில் இவர்கள் கெட்டி. பாஸ்போர்ட், பத்தாம் வகுப்பு மார்க் ஷீட், பட்டச் சான்று, பிறப்புச் சான்று, அனுபவச் சான்று எல்லாவற்றையும் மேஜையில் வரிசையாகப் பரப்பி, ஸ்டீல் ஸ்கேலைப் பெயருக்கு அடியில் வைத்து எழுத்து எழுத்தாகப் படிக்கிறார்கள். நம் ஊர்க் கோப்புகள் மாட்டிக்கொள்வதே இங்கேதான். மார்க் ஷீட்டில் ‘எம். கவிதா’, பாஸ்போர்ட்டில் ‘கவிதா மாதன்’, அனுபவச் சான்றில் வெறும் ‘கவிதா’ என்று இருக்கும். குடும்பப் பெயர் கட்டம் காலியாக உள்ள பாஸ்போர்ட்டும் நிறைய. ஊர்ப் பெயரும் அப்படியே: பழைய சான்றில் ஊட்டகமண்ட், புதியதில் உதகமண்டலம். இனிஷியல் என்றால் என்னவென்று ஜெர்மன் அலுவலருக்குத் தெரியாது. அவர் பார்வைக்கு அந்த மூன்று கவிதாக்களும் மூன்று வெவ்வேறு ஆட்கள். பாஸ்போர்ட்டில் திருத்தம் வேண்டுமென்றால் கோயம்புத்தூர் பாஸ்போர்ட் அலுவலகத்தின் வழியே முதல் வேலையாக அதை முடிக்கச் சொல்கிறார்கள், சரியான அறிவுரை. புதிய பாஸ்போர்ட்டுக்குப் புதிய எண் வரும். ஒப்பந்தமும் படிவங்களும் தயாரான பிறகு எண் மாறினால் எல்லாவற்றையும் மறுபடி எழுத வேண்டியிருக்கும்.

பேக்கேஜில் பெரிய குறை அப்போஸ்டில், அதாவது சான்று உண்மையானது என்று வெளிநாட்டில் காட்ட அரசு போடும் முத்திரை. ஒவ்வொரு சான்றுக்கும் அப்போஸ்டில் முத்திரை வாங்கித் தருவதாகச் சொல்லித் தனியாகப் பணம் சேர்க்கிறார்கள். இந்தியா 2005-ல் ஹேக் அப்போஸ்டில் ஒப்பந்தத்தில் சேர்ந்தபோது ஜெர்மனி அதற்கு ஆட்சேபம் தெரிவித்தது. அதனால் நம் அப்போஸ்டில் அங்கே செல்லாது. ஓமனுக்கோ பஹ்ரைனுக்கோ போகிறவருக்குப் பயன்படும் முத்திரையை ஜெர்மனி போகிறவர் தலையில் கட்டுவது தவறு. கேட்டால் “இருந்தா நல்லதுதானே சார்” என்கிறார்கள். நல்லதில்லை, வீண் செலவு.

நர்சுகளுக்கு விசாவைவிடக் கடினமான கட்டம் அதற்கு முன்னால் வரும் தகுதி அங்கீகாரம், அதாவது இங்கே படித்த படிப்பை ஜெர்மனி ஏற்றுக்கொள்வது. ஜெர்மனியில் வேலை எந்த மாநிலத்திலோ அந்த மாநில அதிகாரிக்குத்தான் விண்ணப்பிக்க வேண்டும். முழு அங்கீகாரத்துக்கு ஜெர்மன் மொழியில் பி2 நிலைத் தேர்ச்சி வேண்டும். படிப்பில் குறை என்று கடிதம் வந்தால் பயப்பட வேண்டாம். அந்தக் கடிதத்தை வைத்தே ஜெர்மன் குடியிருப்புச் சட்டத்தின் 16டி பிரிவில் விசா எடுத்து, அங்கே போய்த் தேர்வோ பயிற்சியோ முடிக்கலாம். குறையைச் சிறிதாக்க ஒரு வழி உண்டு: ஒவ்வொரு பாடத்துக்கும் வகுப்பு எத்தனை மணி, வார்டு பயிற்சி எத்தனை மணி என்று கல்லூரி முத்திரையோடு எழுதி வாங்க வேண்டும். மதிப்பெண் மட்டும் உள்ள பட்டியல் போதாது. மையத்தின் நர்சிங் செக்லிஸ்டில் இந்த வரி இல்லை. உடனே சேர்க்க வேண்டும்.

சமையல்காரர்கள் அங்கீகாரத்துக்கு நியூரம்பெர்கில் உள்ள ஐ.எச்.கே. ஃபோசா என்ற அமைப்புக்கு விண்ணப்பிக்க வேண்டும். இதை மையம் சரியாகச் சொல்கிறது. பட்டதாரிகள், வெளிநாட்டுப் பட்டங்களை ஜெர்மனி மதிப்பிட்டுப் பட்டியலிடும் அனபின் இணையதளத்தில் பல்கலைக்கழகப் பக்கம், பட்டப் பக்கம் இரண்டையும் அச்செடுக்க வேண்டும். ஊட்டி அரசு கலைக் கல்லூரியில் படித்தவர் தேட வேண்டியது பாரதியார் பல்கலைக்கழகத்தை. கல்லூரிப் பெயரைத் தேடிவிட்டு “இல்லை” என்று திரும்புகிறவர்களை இங்கே பொறுமையாக உட்காரவைத்துக் காட்டுகிறார்கள்.

அடுத்தது முதலாளி நிரப்பித் தரும் வேலை விவரப் படிவம். ஒப்பந்தத்தில் வாரம் 38.5 மணி, படிவத்தில் 40 என்று இருந்தால் ஜெர்மன் அரசின் வேலைவாய்ப்பு முகமை விளக்கம் கேட்கும், வாரக்கணக்கில் இழுக்கும். மையம் இதை ஒப்பிட்டுப் பார்க்கிறது. சம்பள வரம்பைத்தான் பார்ப்பதில்லை. பட்டதாரிகளுக்கான வேலை அனுமதியான புளூ கார்டுக்குப் பொதுவான வருடச் சம்பள வரம்பு 2025-ல் 48,300 யூரோ, 2026-ல் 50,700. ஜனவரிதோறும் மாறும். டிசம்பரில் பழைய வரம்பை ஒட்டிக் கையெழுத்தான ஒப்பந்தம் ஜனவரியில் பயன்படாமல் போகும். 45 வயதைத் தாண்டி முதல்முறையாகப் போகும் திறன் தொழிலாளருக்குத் தனி வரம்பு, 2026-ல் 55,770 யூரோ. அவ்வளவு சம்பளம் இல்லையென்றால் ஓய்வூதிய ஏற்பாட்டைக் காட்ட வேண்டும்.

விசாவைச் சீக்கிரம் முடிக்க உதவும் விரைவு நடைமுறையை இவர்கள் தங்கள் சேவை போலச் சொல்வதும் சரியில்லை. அது முதலாளி ஜெர்மனியில் உள்ள வெளிநாட்டினர் அலுவலகத்தில் போடும் மனு. கட்டணம் 411 யூரோ. குன்னூரில் அதற்கு முக்கியமாகச் செய்ய வேண்டியது முதலாளிக்கு ஓர் அதிகாரக் கடிதம் எழுதிக் கொடுப்பதுதான்.

2025 ஜனவரி முதல் தூதரகச் சேவைத் தளத்திலேயே விண்ணப்பத்தை ஏற்றலாம். ஸ்கேன் வேலை இங்கே அருமை. மலை ஈரத்தில் பூஞ்சை பிடிக்கும் என்று பயந்து லேமினேட் செய்த சான்றுகள்கூட வெளிச்சம் தெறிக்காமல் வருகின்றன. சென்னை நேர்காணலுக்கு மேட்டுப்பாளையத்திலிருந்து நீலகிரி எக்ஸ்பிரஸில் கிளம்பினால் காலையில் இறங்கிவிடலாம். அக்டோபர், நவம்பரில் மட்டும் ஒரு நாள் முன்னதாகவே மலை இறங்கிவிடுங்கள். பர்லியாறு பக்கம் மண் சரிந்தால் கோத்தகிரி சுற்றித்தான் போக வேண்டும். விசா கட்டணம் 75 யூரோவுக்கு ஈடான ரூபாய்.

விசா கையில் வந்ததும் மையத்தின் வேலை முடிகிறது. ஜெர்மனியில் தங்குவதற்கான ரெசிடென்ஸ் பெர்மிட் அட்டை அதற்குப் பிறகுதான் வருகிறது என்பதை யாரும் சொல்லி அனுப்புவதில்லை. போய்க் குடியேறிய 2 வாரத்துக்குள் முகவரிப் பதிவு. அதற்கு வாடகை ஒப்பந்தம் போதாது, வீட்டுக்காரர் கையெழுத்திட்ட தனிச் சான்று வேண்டும். பிறகு, விசா காலாவதி ஆவதற்குள் வெளிநாட்டினர் அலுவலகத்தில் அட்டைக்கு விண்ணப்பிக்க வேண்டும். கட்டணம் 100 யூரோ. அலுவலகத்தில் சந்திப்பு நேரம் கிடைக்காவிட்டாலும் விண்ணப்பம் போய்ச் சேர்ந்ததற்கு ஆதாரம் வைத்துக்கொண்டு, ஃபிக்ட்சியோன்ஸ்பெஷைனிகுங் என்ற இடைக்காலச் சான்று கேளுங்கள். அது இருந்தால் அட்டை வரும்வரை வேலையை நிறுத்த வேண்டியதில்லை. அட்டையோடு பச்சைத் தாள் ஒன்று வந்தால் அதையும் படியுங்கள். எந்த வேலை, எந்த முதலாளி என்ற நிபந்தனை அதில்தான் இருக்கும்.

மையத்துக்குப் போகும்போது அசல் சான்றுகள், வேலை ஒப்பந்தம், பாஸ்போர்ட் மூன்றும் போதும். சரிபார்ப்புக்கு இரண்டு மணி நேரம் ஆகிறது. காலையிலேயே போய்விடுங்கள், மதியத்துக்கு மேல் கூட்டம்.