ஆர்.ஓ. பிளாண்டா, குளத்தங்கரை அடிபம்பா? கடைமடையிலிருந்து ஒரு கணக்கு

வேதாரண்யம் பக்கத்துக் கடைமடை ஊர்களில் குடிதண்ணீருக்கு மூன்று வழி. கொள்ளிடத்திலிருந்து குழாயில் வரும் கூட்டுக் குடிநீர், யாராவது நன்கொடையாக வைத்துத் தரும் ஆர்.ஓ. பிளாண்ட் (தண்ணீரிலிருந்து உப்பைப் பிரித்தெடுக்கும் எந்திரம்), ஊர்க் குளமும் அதன் கரையில் அடிபம்பும். முதலாவதைப் பற்றி நீட்டிப் பேச ஒன்றுமில்லை. வருகிற நாளில் அதைவிட நல்ல தண்ணீர் இங்கே கிடையாது. ஆனால் ஆற்றுத் தண்ணீருக்கும் நாங்கள் கடைமடை, குழாய்த் தண்ணீருக்கும் கடைமடை. வழியில் எங்கே குழாய் உடைந்தாலும், எங்கே கரண்ட் போனாலும், முதலில் காய்வது எங்கள் தெருக் குழாய்தான். அந்த நாட்களுக்குக் கைவசம் எதை வைத்திருப்பது என்பதுதான் கேள்வி.

எங்கள் ஊரில் இது வெறும் பேச்சாக நிற்கவில்லை. ஒரு கம்பெனி, சமூகப் பணிக்கென்று ஒதுக்கும் சி.எஸ்.ஆர். பணத்தில் ஆர்.ஓ. பிளாண்ட் வைத்துத் தருவதாகச் சொன்னது. இன்னொரு பக்கம், மேடுதட்டிக் கிடந்த குளத்தை நூறுநாள் வேலையில் தூர்வாரி, கரையில் பம்புகள் இறக்கலாம் என்ற யோசனை. இடமும், ஆள் பலமும், பராமரிக்கிற பொறுமையும் ஒன்றுக்குத்தான் போதும். கூட்டத்தில் குளத்துக்குக் கை தூக்கியவர்களில் நானும் ஒருவன். அதனால் இதை நடுநிலைத் தீர்ப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

ஆர்.ஓ.வுக்குச் சேர வேண்டிய மரியாதையை முதலில் கொடுத்துவிடுகிறேன். உப்பை எடுக்க வேண்டுமென்றால் அதுதான் வழி. கொதிக்க வைத்தாலும், மணலில் வடித்தாலும், குளோரின் போட்டாலும் உப்பு போகாது. குடிநீரில் கரைந்த உப்புகள் லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குள் இருக்க வேண்டும் என்பது இந்தியத் தர நிர்ணயம். வேறு வழியே இல்லாத இடத்தில் 2000 வரை பொறுத்துக்கொள்ளலாம். நிலத்தடித் தண்ணீர் அதையும் தாண்டிப்போன ஊர் நாகை மாவட்டக் கடற்கரையில் நிறைய உண்டு. சுனாமிக்குப் பிறகு வந்து இறங்கிய உதவிகளில் ஆர்.ஓ. பிளாண்டும் ஒன்றாக இருந்தது அதனால்தான். உங்கள் ஊர் அப்படிப்பட்டது என்றால் இந்தக் கட்டுரையை இங்கேயே மூடிவிட்டு பிளாண்டை வாங்கிக்கொள்ளுங்கள்.

எங்கள் ஊர் அப்படியில்லை. மணல்மேடு. மழைத் தண்ணீர், குளத்தில் தேங்குவதும் சேர்த்து, மணலுக்குள் இறங்கி, கீழே கிடக்கிற உப்புத் தண்ணீரின் மேல் மிதந்து நிற்கிறது. கடல் மட்டத்துக்கு மேலே ஓரடி நல்ல தண்ணீர் நின்றால், கீழே ஏறக்குறைய நாற்பதடி உப்பை அது அழுத்திப் பிடித்திருக்கும் என்பது நீரியலில் பழைய கணக்கு. அதே கணக்கைத் திருப்பிப் போட்டால் வயிறு கலங்கும்: மேலே ஓரடி குறைந்தால் கீழிருந்து உப்பு நாற்பதடி ஏறலாம். மோட்டார் போட்டு ஒரே இடத்தில் வேகமாக இழுத்தால் அதுதான் நடக்கும். அடிபம்பில் எவ்வளவு வேகமாக அடித்தாலும் நிமிடத்துக்குப் பத்துப் பதினைந்து லிட்டர். அந்த மெதுவான வேகமே இங்கே ஒரு காவல். ஆர்.ஓ.வோ இழுக்கிற தண்ணீரில் ஒரு பெரிய பங்கைக் கழிவாக வெளியே தள்ளும், இன்னும் கெட்டியான உப்போடு. அந்தக் கழிவு எங்கே போகும் என்று கூட்டத்தில் கேட்டபோது, கம்பெனியிலிருந்து வந்திருந்தவர் வாய்க்காலைக் கை காட்டினார்.

இதெல்லாம் இருந்தாலும் குளமும் பம்பும்தான் என்ற முடிவைத் தீர்மானித்தது உப்பு இல்லை, ரிப்பேர். கூட்டத்தில் ஒரு பெரியம்மா எழுந்து கேட்டார்: “மெஷின் வேணாங்கல தம்பி. அது நின்னுபோச்சுன்னா யாருக்குப் போன் போடணும், அதை மட்டும் சொல்லுங்க.” விளக்கப் படங்களோடு வந்திருந்த தம்பியிடம் பிளாண்டின் கொள்ளளவு இருந்தது, உப்பை வடிக்கிற சவ்வான மெம்பரேனின் தரச் சான்று இருந்தது, திறப்பு விழாவுக்குத் தோதான தேதிகூட இருந்தது. இதற்கு மட்டும் பதில் இல்லை. ஒரு வருஷம் கம்பெனி பார்க்கும், அதற்குப் பிறகு “கம்யூனிட்டி ஓனர்ஷிப்” என்றார். அதாவது மெம்பரேன் அடைத்துக்கொண்டால் செலவு நம்முடையது.

பக்கத்து ஊரில் அப்படி ஒரு பிளாண்ட் இருக்கிறது. கார்டைத் தேய்த்தால் ஒரு கேன் தண்ணீர் வரும். நல்லாத்தான் ஓடியது. ஒருநாள் கன்ட்ரோல் பெட்டி கார்டை எடுக்கவில்லை. மோட்டார் நல்லா இருக்கிறது, மெம்பரேன் நல்லா இருக்கிறது, தொட்டியில் தண்ணீர்கூட இருக்கிறது. ஆனால் பெட்டியின் பாஸ்வேர்டு கம்பெனியிடம், கம்பெனி ஆள் வேறு ஊரில். உள்ளூர் எலக்ட்ரீஷியன் திறந்து பார்த்து, கை வைத்தால் வாரண்டி போய்விடும் என்று மூடிவிட்டார். தண்ணீர் கண்ணாடிக்கு அந்தப் பக்கம், குடம் இந்தப் பக்கம். கடைசியில் யாரோ ஒயரைச் சுற்றிவிட்டு நேராக ஓட்டினார்கள். வசூல் நின்றது, வசூல் நின்றதும் மெம்பரேனுக்குப் பணமில்லை. இப்போது அது ஊராட்சியின் தட்டுமுட்டு அறை.

இதற்கு நேர்மாறான கதை நம் தெருக்களில் நிற்கிற இந்தியா மார்க் 2 பம்புடையது. அதையும் வெளியிலிருந்து வந்த உதவிப் பணம்தான் கொண்டுவந்தது என்பதால் ஒப்பிடுவது நியாயம். 1960களின் பஞ்ச காலத்தில் பாறையைத் துளைக்கும் எந்திரங்களோடு யுனிசெஃப் வந்தது. போர்வெல் நன்றாகப் போட்டார்கள். மேலே பொருத்தியதோ ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் ஒரு வீட்டுக்கென்று செய்த வார்ப்பிரும்புப் பம்பின் நகல். ஊரே அடித்ததும் உடைந்தது. 1970களின் நடுவில் பார்த்தபோது போட்டதில் பெரும்பாலானவை ஓடவில்லை. மாற்று எந்த நாட்டு ஆய்வகத்திலிருந்தும் வரவில்லை. மகாராஷ்டிரத்தில் சோலாப்பூர் பக்கம் பட்டறைக்காரர்கள் தட்டிக் கொட்டிச் செய்திருந்த பம்பிலிருந்து வந்தது. அதை வைத்து யுனிசெஃபும், சென்னையிலிருந்த பொறியியல் ஆய்வு நிறுவனம் ஒன்றும், ரிச்சர்ட்சன் அண்ட் க்ரூடாஸ் என்ற அரசு நிறுவனமும் சேர்ந்து புது வடிவம் செய்து, கோயம்புத்தூர்ப் பக்கத்தில் அடித்துப் பார்த்தார்கள். அதற்கு யாரும் காப்புரிமை வாங்கவில்லை. 1979இல் இந்தியத் தரமாக அறிவித்து அளவுகளை வெளியிட்டுவிட்டார்கள். யாரும் செய்யலாம், ஒருவன் செய்த பாகம் இன்னொருவன் பம்பில் உட்கார வேண்டும். பிறகு ஆப்பிரிக்கா வரைக்கும் போய், உலகில் மிக அதிகமாகப் புழங்கும் அடிபம்புகளில் ஒன்றானது.

இதன் பலன் என்னவென்று பம்பின் தலையைத் திறந்தால் தெரியும். மூடியின் ஒரு போல்ட்டைக் கழற்றினால் உள்ளே பைக்கில் இருக்கிற வகைச் செயின், இரண்டு பேரிங், கைப்பிடி அச்சு, அவ்வளவுதான். செயினுக்குக் கிரீஸ் தடவ ஒரு குச்சி போதும். அடித்தால் தண்ணீர் வர நேரமாகிறதா, கீழே சிலிண்டரில் தண்ணீர் ஒழுகாமல் பிடிக்கிற கப் வாஷர் தேய்ந்திருக்கும். எங்கள் பம்புகளின் வாஷர் வேதாரண்யம் கடைத்தெருவில் கிடைக்கும், அங்கே இல்லையென்றால் திருத்துறைப்பூண்டியில் நிச்சயம் கிடைக்கும். மகளிர் குழுவில் இரண்டு பேர் கழற்றி மாட்டக் கற்றுக்கொண்டுவிட்டார்கள். உத்தரப் பிரதேசத்தில் பாண்டா பக்கம் 1990களிலேயே பெண்கள் பம்பு மெக்கானிக்காகிச் சைக்கிளில் ஊர் ஊராகப் போனார்கள், நாங்கள் தாமதம்தான்.

மார்க் 2 பம்பு குறையில்லாதது என்று சொல்லவில்லை. வாஷர் மாற்ற மொத்தக் குழாயையும் மேலே தூக்க வேண்டும். ஆழமான போர்வெல் என்றால் அதற்குத் தனி ஆட்படையும் வண்டியும் வேண்டும், ஒன்றியத்திலிருந்து வரும்வரை காத்திருக்க வேண்டும். அந்தக் குறையைத் தீர்க்கத்தான் பெரிய குழாய் வைத்து, பிஸ்டனை மட்டும் மேலே உருவி எடுக்கிற மாதிரி மார்க் 3 வந்தது. எங்கள் மணலில் தண்ணீர் மேலாகவே இருப்பதால் குழாய் கொஞ்சம்தான், நாலு பேர் தூக்கிவிடலாம். பாறைப் பூமிக்காரர்கள் இந்த வரியை அப்படியே தங்கள் ஊருக்கு எடுத்துப்போக வேண்டாம்.

அடிபம்பைக் கழற்றிவிட்டுப் புதுமையை வைத்த கதையும் உலகத்தில் நடந்திருக்கிறது. தென்னாப்பிரிக்காவிலிருந்து வந்த ப்ளேபம்ப்: பிள்ளைகள் ராட்டினம் சுற்றினால் தண்ணீர் மேல்தொட்டிக்கு ஏறும், தொட்டியின் பக்கங்களில் விளம்பரப் பலகை. 2000இல் உலக வங்கி பரிசு கொடுத்தது. 2006இல் அமெரிக்க அரசும் அறக்கட்டளைகளும் சேர்ந்து 1.64 கோடி டாலர் அறிவித்தன. 2010க்குள் 4000 பம்பு என்பது இலக்கு. ஒன்றின் விலை சுமார் 14,000 டாலர், சாதாரணப் பம்பைப் போல நாலு மடங்கு. பிள்ளைகள் எந்நேரமும் ராட்டினமா சுற்றுவார்கள்? பெண்கள்தான் குனிந்து தள்ளினார்கள். கெட்டுப்போனால் உள்ளூரில் யாருக்கும் கை வைக்கத் தெரியவில்லை. பல இடங்களில் நன்றாக ஓடிக்கொண்டிருந்த பழைய பம்பைப் பிடுங்கிவிட்டு அதை வைத்திருந்ததால், அதுவும் இல்லை இதுவும் இல்லை என்றானது. படத்தில் சிரிக்கிற பிள்ளைகள் நன்றாக விழுந்தார்கள்; வாஷர் படத்தில் விழாது.

நம் ஊர் சி.எஸ்.ஆர். பணத்திலும் இதே சாய்வு உண்டு. 2013 கம்பெனிச் சட்டப்படி, வரம்புக்கு மேல் இருக்கிற கம்பெனிகள் சராசரி லாபத்தில் 2 சதவீதத்தைச் செலவிட வேண்டும். ரிப்பன் வெட்ட ஒரு பொருள் இருந்தால் அறிக்கையில் ஒரு பக்கம் நிறையும். பழைய குளத்துக்குப் பத்து வருஷம் காவல்காரர் சம்பளம் தருகிறோம் என்று எந்தக் கம்பெனியும் எங்களிடம் வரவில்லை. வந்தவர்கள் கெட்ட எண்ணத்தோடு வந்தார்கள் என்று சொல்லமாட்டேன். கொடுப்பவருக்கு எது கணக்கில் காட்டத் தோதோ அதுவே வாங்குபவரின் தேவையாகிவிடுகிறது.

கஜாவையும் சொல்ல வேண்டும். 2018 நவம்பர் 16 விடியலில் புயல் கரை கடந்தது, கம்பங்களெல்லாம் சாய்ந்தன, உள்ளடங்கிய ஊர்களுக்குக் கரண்ட் வரப் பல வாரமானது. மோட்டாரை நம்பிய எதுவும் ஓடவில்லை. ஜெனரேட்டர் வாடகைக்கு எடுத்தவர்கள் தொட்டியை நிரப்பிக்கொண்டார்கள். மற்றவர்கள் அடிபம்பில் வரிசை நின்றோம். கூட்டத்தில் கை தூக்கிய பலருக்கு மனதில் இருந்தது அந்த வரிசைதான் என்பது என் ஊகம்.

இன்னொரு விஷயம் கூட்டத்தில் யாரும் வாய்விட்டுப் பேசவில்லை. பிளாண்ட் ஒன்றுதான். ஒன்று என்றால் எந்தத் தெருவில்? எங்கள் பக்கம் அந்தக் கேள்விக்கு என்ன பதில் வரும் என்று எல்லாருக்கும் தெரியும்: ரோட்டை ஒட்டி, கோயிலுக்குப் பக்கத்தில். காலனிப் பெண்கள் குடத்தோடு அங்கே வந்து நிற்க வேண்டும். பொதுக்குளத்தில் தண்ணீர் அள்ளும் உரிமைக்காக 1927இல் மகாராஷ்டிரத்து மகாத் ஊரில் அம்பேத்கர் இறங்க வேண்டியிருந்த நாடு இது. அடிபம்பு விலை குறைவு என்பதால் தெருவுக்கு ஒன்று இறக்க முடிந்தது, காலனிக்கு முதலில். பம்பு சாதியை ஒழித்துவிடாது. வரிசையில் காத்திருக்கிற அவமானம் ஒன்றைக் குறைத்தது, அவ்வளவே.

அடிபம்பை அப்படியே கும்பிடவும் கூடாது. வங்கதேசத்தில் 1970களிலிருந்து குளத்து நீர் வேண்டாம், நோய் வரும் என்று யுனிசெஃபும் மற்றவர்களும் லட்சக்கணக்கில் குழாய்க் கிணறு போட வைத்தார்கள். வயிற்றுப்போக்கு குறையட்டும் என்ற நல்ல நோக்கம்தான். தண்ணீரில் ஆர்சனிக் என்ற விஷம் இருக்கிறதா என்று சோதிக்கவில்லை. 1993இல் அது தெரியவந்தது. பல கோடிப் பேர் அந்தத் தண்ணீரைத்தான் குடித்துக்கொண்டிருந்தார்கள். எளிய பொருளும் சோதிக்காமல் பரப்பினால் கொல்லும். அதனால் ஒவ்வொரு பம்பின் தண்ணீரையும் குடிநீர் வாரிய ஆய்வகத்துக்கு அனுப்பிய பிறகே வாயில் வைத்தோம். கிருமிக்குச் சின்னக் குப்பிச் சோதனை இருக்கிறது: தண்ணீரை ஊற்றி மூடி வைத்தால், மலக்கிருமி இருந்தால் ஓரிரு நாளில் கறுத்துவிடும். மழை முடிந்த கையோடு செய்த சோதனையில் ஒரு பம்பின் குப்பி கறுத்தது. பக்கத்தில் கழிப்பறைக் குழி. அந்தப் பம்பில் சிவப்புப் பெயிண்ட் அடித்து, துவைக்க மட்டும் என்று ஒதுக்கினோம். மணல் ஊரில் இது தீராத தலைவலி. குழிகள் கூடக் கூட என்ன ஆகும் என்பதில் எனக்கே தைரியம் இல்லை.

அனுபவம் போதாத இடங்கள் இன்னும் உண்டு. தூர்வாரிய பிறகு பெருவறட்சி வந்து குளம் வெடிக்கிற கோடையை இந்த ஏற்பாடு இன்னும் சந்திக்கவில்லை. வயதானவர்களுக்கும் கர்ப்பிணிகளுக்கும் அடிப்பது சிரமம், யாராவது அடித்துக் கொடுக்க வேண்டியிருக்கிறது. இந்த ஒரு விஷயத்தில் குழாயைத் திறந்தால் கொட்டுகிற பிளாண்ட் கண்டிப்பாக மேல். வங்கதேசக் கடலோரத்தில் குளத்தோடு மணல் வடிகட்டி கட்டிய ஊர்கள் பல, மணலைக் கழுவ ஆளில்லாமல் அதைக் கைவிட்டிருக்கின்றன. எங்கள் குளத்தில் மாடு இறங்காமல் வேலி நிற்பதும் இப்போதைக்கு இரண்டு பேர் பிடிவாதத்தால்தான்.

உப்பு ஊர்க்காரர்கள் பிளாண்ட் வாங்கியே ஆக வேண்டும் என்றால், கையெழுத்துக்கு முன் இதைக் கேளுங்கள்: கன்ட்ரோல் பெட்டியின் பாஸ்வேர்டு ஊராட்சியிடம் எழுத்தில் இருக்குமா, மெம்பரேன் எந்த அளவு, வெளிக்கடையில் கிடைக்குமா, அடுத்த மெம்பரேனுக்கான பணத்தை இப்போதே வங்கியில் போடுவார்களா, கழிவு எங்கே போகும். கார்டு இல்லாமலும் தண்ணீர் விடுகிற ஒரு வால்வு வைக்கச் சொல்லுங்கள். பழைய அடிபம்பை அகற்றச் சொன்னால் மட்டும் ஒத்துக்கொள்ளாதீர்கள்.